வீட்டில் ஒருவர் இறந்த பிறகு பணம், சொத்து வேலைகளை எந்த வரிசையில் முடிப்பது: முழுமையான வழிகாட்டி

அப்பா இறந்து பத்தொன்பதாம் நாள் அவருடைய சேமிப்புக் கணக்கை மூடினேன். அம்மா நாமினி என்பதால் பணம் சீக்கிரமே வந்துவிட்டது. ஒரு வேலை முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த மாதம் ஒரு கம்பெனியின் டிவிடெண்ட் அந்தக் கணக்குக்கு வந்து, கணக்கு இல்லை என்று திரும்பிப் போயிருக்கிறது. அப்பாவிடம் பங்குகள் இருந்த விஷயமே எட்டு மாதம் கழித்துத் தபாலில் வந்த கடிதத்தைப் பார்த்துத்தான் எங்களுக்குத் தெரியும். கணக்கை மூடும் முன் பழைய ஸ்டேட்மெண்டை ஒரு முறை நிதானமாகப் படித்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

அதன் பிறகு சித்தி வீடு, நண்பர்கள் வீடு என்று நாலைந்து குடும்பங்களோடு வங்கிக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் அலைந்திருக்கிறேன். படிவம் நிரப்புவதில் யாரும் பெரிதாகச் சிரமப்படுவதில்லை. எதை முதலில் செய்வது, எதைக் கடைசி வரை தொடாமல் விடுவது என்பதில்தான் எல்லோரும் மாட்டிக்கொள்கிறார்கள். அதனால் இந்த வழிகாட்டி முழுக்க வரிசையைப் பற்றியது.

இது தமிழ்நாட்டில் வசித்தவருக்கானது. பங்குரிமை பற்றிச் சொல்லும் இடங்களில் இந்து வாரிசுரிமைச் சட்டத்தை வைத்துச் சொல்கிறேன். கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் பங்குக் கணக்கு வேறு. அலுவலக நடைமுறை பெரும்பாலும் இதேதான்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு நீளமான நோட்டு, ஒரு ஃபைல், இரண்டும் வேண்டும். நோட்டில் எந்தத் தேதியில் எந்த அலுவலகம் போனோம், என்ன கொடுத்தோம், ஒப்புகைச் சீட்டு எண் என்ன என்று எழுதிக்கொண்டே வாருங்கள். மூன்றாவது மாதத்தில் எதுவும் நினைவில் இருக்காது.

இறந்தவரின் ஆதார், பான் கார்டு, ரேஷன் கார்டு, எல்லா பாஸ்புக்குகள், வாரிசுகள் ஒவ்வொருவரின் ஆதார், பான், பாஸ்போர்ட் அளவு போட்டோ ஆகியவற்றை ஓரிடத்தில் சேருங்கள். பீரோ லாக்கரோடு நிறுத்திவிடாதீர்கள். எங்கள் வீட்டில் எல்.ஐ.சி. பாண்டு இருந்தது பூஜை அலமாரியின் மேல்தட்டில், பழைய கல்யாணப் பத்திரிகைகளோடு ஒரு மஞ்சப்பையில்.

1. இறப்புப் பதிவு: பெயரைச் சரிபார்த்த பிறகே கையெழுத்து

இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். அதற்குள் செய்தால் கட்டணம் இல்லை. தாண்டினால் தாமதக் கட்டணம். ஒரு வருடத்தையும் தாண்டிவிட்டால் கோட்டாட்சியர் உத்தரவு வரை போக வேண்டியிருக்கும். மருத்துவமனையில் இறந்தால் அவர்களே தகவல் அனுப்புவார்கள். வீட்டில் இறந்தால் கிராமத்தில் வி.ஏ.ஓ.விடமும், நகரத்தில் நகராட்சி அல்லது மாநகராட்சி சுகாதாரப் பிரிவிலும் நாம் போய்ச் சொல்ல வேண்டும்.

பதிவைவிடப் பெரிய சிக்கல் பெயர். நம் ஊரில் ஒருவருக்கே மூன்று பெயர் இருக்கும். ஆதாரில் ‘சு. ராமசாமி’, பான் கார்டில் அப்பா பெயரை விரித்து ‘ராமசாமி சுப்பையா’, பத்திரத்தில் ‘எஸ். இராமசாமி’. மருத்துவமனையில் அந்த நேரத்தில் பக்கத்தில் நின்ற மைத்துனர் சொல்லும் பெயர் நான்காவதாகப் பதிவாகிவிடும். அந்த ஒரு தாளைத்தான் பின்னால் வரும் அத்தனை அலுவலகங்களும் ஒப்பிட்டுப் பார்க்கும்.

அதனால் தகவல் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் ஆதாரையும் பான் கார்டையும் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள். அப்பா பெயர் அல்லது கணவர் பெயர், நிரந்தர முகவரி இரண்டையும் பாருங்கள். பதிவுக்கு முன் திருத்துவது ஒரு நிமிட வேலை. பதிவான பிறகு விண்ணப்பம், விசாரணை என்று இழுக்கும். ஏற்கெனவே தவறாகப் பதிவாகியிருந்தால் மற்ற வேலைகளைத் தொடங்காமல் இதை முதலில் திருத்துங்கள்.

இப்போது சான்றிதழை இணையத்திலிருந்தே இறக்கிக்கொள்ளலாம், கியூஆர் கோடு இருக்கும். ஆனாலும் பத்துப் பிரதிகள் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

2. போன் எண்ணை நிறுத்தாதீர்கள், ஏ.டி.எம். கார்டைத் தொடாதீர்கள்

துக்க வீட்டில் அந்தப் போன் அடிப்பதே வேதனையாக இருக்கும். யாராவது சிம்மை எடுத்துவிடுவார்கள். வேண்டாம். பிரீமியம் நினைவூட்டல், டிவிடெண்ட் வரவு, நகைக்கடன் வட்டித் தேதி, எஃப்.டி. முதிர்வு எல்லாம் அந்த எண்ணுக்குத்தான் குறுஞ்செய்தியாக வரும். குறைந்தபட்ச ரீசார்ஜில் ஒரு வருடம் ஓடட்டும். வருகிற செய்திகளை நோட்டில் எழுதுங்கள்.

அதே சமயம், அந்த எண்ணுக்கு வரும் ஓ.டி.பி.யை வைத்துப் பணத்தை மாற்றுவது, ஏ.டி.எம். கார்டில் பணம் எடுப்பது இரண்டும் தவறு. பின் நம்பர் தெரியும், காரியச் செலவுக்கு அவசரம் என்று பலர் எடுத்துவிடுகிறார்கள். இறந்த தேதிக்குப் பிறகு எடுத்த பணத்துக்கு மற்ற வாரிசுகளுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும், வங்கியும் கேள்வி கேட்கலாம். ஓய்வூதியம் வரும் கணக்கு என்றால் இன்னும் கவனம்: இறந்த பிறகு வரவான ஓய்வூதியத்தை அரசு திரும்பப் பிடிக்கும். ‘இருவரில் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்’ என்ற முறையில் உள்ள கூட்டுக் கணக்கில் மற்றவர் தன் உரிமையிலேயே எடுக்கலாம், அதில் தடை இல்லை.

3. பாஸ்புக்கைப் படியுங்கள்

இந்த வேலைக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குங்கள். கணக்கை மூடிவிட்டால் ஸ்டேட்மெண்ட் வாங்குவது கஷ்டம். அதனால் மூடும் முன் ஐந்து வருடத்துக்கு ஸ்டேட்மெண்ட் வாங்குங்கள், அல்லது பாஸ்புக்கைப் பதிவு போட்டு வையுங்கள். இறந்தவருக்கு எங்கெல்லாம் என்ன இருக்கிறது என்பதைக் கிட்டத்தட்ட முழுவதுமாக இது சொல்லிவிடும்.

பென்சிலால் வரி வரியாகக் குறியுங்கள். மே மாதக் கடைசியில் 436 ரூபாய் கழிந்திருந்தால் அது பிரதமர் ஜீவன் ஜோதி காப்பீடு. எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம். அதே வாரத்தில் 20 ரூபாய் கழிந்திருந்தால் அது சுரக்ஷா காப்பீடு. விபத்து மரணத்துக்கு 2 லட்சம். கணக்கு தொடங்கிய அன்று வங்கியில் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டதோடு சரி, இப்படி ஒரு காப்பீடு இருப்பது வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்காது. சித்தி வீட்டில் சித்தப்பாவின் பாஸ்புக்கில் அந்த 436ஐக் கண்ணால் பார்த்த பிறகுதான் நாங்கள் விண்ணப்பமே கொடுத்தோம்.

மற்றவை: மாதா மாதம் ஒரே தேதியில் கழியும் தொகை எஸ்.ஐ.பி. (மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் போடும் முதலீடு) அல்லது கடன் தவணை. வருடத்துக்கு ஒருமுறை கழிவது பிரீமியம் அல்லது லாக்கர் வாடகை. சிறு சிறு வரவுகள் டிவிடெண்ட். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் வட்டி, வேறு வங்கி எஃப்.டி. அல்லது அஞ்சலக மூத்த குடிமக்கள் திட்டம். மாதந்தோறும் ஒருவருக்கே போகும் தொகை சீட்டாக இருக்கலாம்.

இதோடு நான்கு இடங்களில் தேடுங்கள். மறந்துபோன வங்கி டெபாசிட்டுகளுக்கு ரிசர்வ் வங்கியின் உத்கம் தளம். பங்குகளுக்கும் மியூச்சுவல் ஃபண்டுகளுக்கும் பான் எண்ணை வைத்து வரும் ஒருங்கிணைந்த அறிக்கை. ஏழு வருடம் டிவிடெண்ட் வாங்காத பங்குகளுக்கு முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதியத்தின் தளம். வருமான வரித் தளத்தில் உள்ள ஆண்டுத் தகவல் அறிக்கை நான்காவது. எந்த வங்கி எவ்வளவு வட்டி கொடுத்தது என்று அதில் பெயரோடு இருக்கும்.

எல்லாவற்றையும் நோட்டில் ஒரே பட்டியலாக எழுதுங்கள்: என்ன, எங்கே, தொகை, நாமினி உண்டா, யார். சொத்துக்கு ஒரு பக்கம், கடனுக்கு எதிர்ப்பக்கம். இந்தப் பட்டியல் முடியும் வரை எந்தக் கணக்கையும் மூட வேண்டாம்.

4. உயில் இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள்

உயில் இருந்தால் கீழே சொல்லும் பங்குக் கணக்கே மாறிவிடும், அதனால் இதை இப்போதே பார்க்க வேண்டும். உயிலைப் பதிவு செய்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. வெள்ளைத்தாளில் எழுதி, எழுதியவரும் இரண்டு சாட்சிகளும் கையெழுத்திட்டிருந்தால் போதும். ஆகவே ‘பதிவு செய்யாத தாள்தானே’ என்று ஒதுக்காதீர்கள். பதிவு செய்த உயில் இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் இறப்புச் சான்றோடு சார்பதிவாளர் அலுவலகத்தில் தேடல் விண்ணப்பம் போடலாம்.

உயில் கிடைத்து, அதில் யாருக்காவது வருத்தம் இருந்தால் இந்த இடத்தில் நிறுத்திவிட்டு ஒரு சிவில் வக்கீலைப் பாருங்கள்.

5. வாரிசுச் சான்றிதழ்: ஒருவரையும் விடாமல்

இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். இறந்தவர் வசித்த ஊரின் தாசில்தார்தான் கொடுப்பார். வி.ஏ.ஓ.வும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்து அறிக்கை அனுப்புவார்கள். விசாரணைக்கு வரும்போது அக்கம்பக்கத்தில் குடும்பத்தை நன்கு தெரிந்த இரண்டு பேர் ஊரில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்து ஆண் உயில் எழுதாமல் இறந்தால் அவருடைய சொந்தச் சொத்துக்கு முதல் வகுப்பு வாரிசுகள்: மனைவி, மகன்கள், மகள்கள், அம்மா. இவர்கள் ஒவ்வொருவருக்கும் சமப் பங்கு. மனைவி, ஒரு மகன், ஒரு மகள், வயதான அம்மா என்றால் ஆளுக்குக் கால் பங்கு. இறந்தவரின் அப்பா இந்த வகுப்பில் வரமாட்டார். முன்னரே இறந்துபோன மகன் இருந்தால் அவருடைய மனைவியும் பிள்ளைகளும் சேர்ந்து அந்த ஒரு பங்கை எடுத்துக்கொள்வார்கள்.

அதிகம் விடுபடும் பெயர் பாட்டியுடையது. ‘அவங்க எங்க கையெழுத்துப் போட வரப் போறாங்க’ என்று விட்டுவிடுகிறார்கள். பாட்டி இறந்த பிறகு அந்தக் கால் பங்குக்கு அவருடைய மற்ற பிள்ளைகள், அதாவது அத்தைகளும் பெரியப்பாக்களும் உரிமை கேட்கலாம். நிலம் விற்கும் நாளில் வாங்குபவரின் வக்கீல் இதைத்தான் முதலில் கேட்பார்.

அடுத்தது கல்யாணமான மகள். சீர் செய்து அனுப்பியாயிற்று என்பதால் பங்கு போய்விடாது. தமிழ்நாடு 1989லேயே திருத்தம் கொண்டுவந்தது. மத்தியச் சட்டம் 2005 செப்டம்பர் 9 முதல் பூர்வீகக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் பிறப்பால் வரும் உரிமையைக் கொடுத்தது. 2020இல் உச்ச நீதிமன்றம் அதை ஐயமில்லாமல் உறுதி செய்தது. தங்கை தன் பங்கை விட்டுக்கொடுக்க விரும்பினால் அதற்கு விடுதலைப் பத்திரம் என்ற நேர்வழி இருக்கிறது. பெயரையே மறைத்து வாங்கும் சான்றிதழ் ஒரு புகாரில் ரத்தாகும், அதை நம்பிச் செய்த எல்லாமே ஆட்டம் காணும். என் தங்கை பெயரைப் போடாமல் விட்டுவிடலாம் என்று உறவினர் ஒருவர் சொன்னபோது அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

இறந்தவர் பெண் என்றால் வரிசை வேறு: முதலில் பிள்ளைகளும் கணவரும். பிள்ளைகளே இல்லாமல் இறந்தால், தாய் தந்தையிடமிருந்து வந்த சொத்து தந்தையின் வாரிசுகளுக்கும், கணவர் அல்லது மாமனார் வழி வந்தது கணவரின் வாரிசுகளுக்கும் போகும்.

பெயர் குழப்பம் ஒன்றுண்டு. தாசில்தார் தருவது வாரிசுச் சான்றிதழ். நீதிமன்றம் தருவது வாரிசுரிமைச் சான்றிதழ். டெபாசிட், பங்கு போன்றவற்றில் தகராறு இருந்தாலோ, தொகை பெரிதாகி நாமினியும் இல்லாவிட்டாலோதான் அது தேவைப்படும். கவுன்ட்டரில் எதைக் கேட்கிறார்கள் என்று எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.

6. காத்திருக்க முடியாதவை

வாரிசுச் சான்று வர வாரக்கணக்கில் ஆகும். அதுவரை சும்மா இருக்க வேண்டாம். நாமினி இருக்கும் காப்பீட்டுக்கும் டெபாசிட்டுக்கும் அந்தச் சான்று தேவையே இல்லை.

*நகைக்கடன்.* இதைத்தான் எல்லோரும் கடைசியில் நினைக்கிறார்கள். அடகுச் சீட்டைத் தேடுங்கள், வட்டி எந்தத் தேதி வரை கட்டியிருக்கிறது என்று பாருங்கள். வட்டி நின்றால் ஏல நோட்டீஸ் அந்தப் பழைய போன் எண்ணுக்கும் பழைய முகவரிக்கும்தான் போகும். இறப்புச் சான்றோடு போய் எழுத்தில் தகவல் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள், வட்டியை மட்டுமாவது கட்டி வையுங்கள். நகையை மீட்கும் வேலை பிறகு நடக்கட்டும்.

*ஆயுள் காப்பீடு.* அசல் பாண்டு, இறப்புச் சான்று, நாமினியின் வங்கி விவரம், கேன்சல் செய்த காசோலை. பாலிசி எடுத்து மூன்று வருடத்துக்குள் மரணம் என்றால் மருத்துவப் பதிவுகளைக் கேட்டு விசாரிப்பார்கள். ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரியைத் தூக்கி எறியாதீர்கள். மூன்று வருடம் தாண்டிய பாலிசியை நிறுவனம் கேள்விக்கு உட்படுத்த முடியாது. பிரீமியம் கட்டாமல் நின்றுபோன பாலிசிக்கும் கட்டிய அளவுக்கு மதிப்பு இருக்கலாம்.

*வேலையில் இருக்கும்போது இறந்திருந்தால்* பி.எஃப். தொகை, குடும்ப ஓய்வூதியம், இ.டி.எல்.ஐ. (பி.எஃப்.போடு சேர்ந்து வரும் ஆயுள் காப்பீடு) என்று மூன்று தனித்தனி உரிமைகள் உண்டு. கம்பெனிகளே பல நேரம் முதலாவதை மட்டும் சொல்கின்றன. இ.டி.எல்.ஐ.யில் அதிகபட்சம் 7 லட்சம் வரை வரும், ஊழியர் தனியாக எதுவும் கட்டியிருக்க வேண்டாம். பணிக்கொடைக்கு ஐந்து வருட சேவை என்ற நிபந்தனை மரணத்தில் பொருந்தாது. இரண்டு வருட சேவை என்றாலும் கேளுங்கள்.

*அரசு ஓய்வூதியர்* என்றால் கருவூலத்துக்கு உடனே தெரிவித்து, குடும்ப ஓய்வூதியத்தோடு குடும்பப் பாதுகாப்பு நிதியையும் சேர்த்துக் கேளுங்கள்.

*அஞ்சலக மூத்த குடிமக்கள் திட்டம்.* பொதுவாக இறந்த நாளோடு அந்த உயர் வட்டி நின்று, அதன் பிறகு சேமிப்புக் கணக்கு வட்டிதான். தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் நஷ்டம்.

*வண்டி.* 30 நாளுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தகவல், மூன்று மாதத்துக்குள் பெயர் மாற்றம். இன்ஷூரன்ஸையும் மாற்றுங்கள்.

கடன் பற்றி ஒரு வார்த்தை. இறந்தவரின் கடனுக்கு, அவரிடமிருந்து நமக்கு வந்த சொத்தின் அளவுக்குத்தான் நாம் பொறுப்பு; நம் சொந்தச் சம்பளத்திலிருந்து கட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. கூட்டு விண்ணப்பதாரராகவோ ஜாமீனாகவோ கையெழுத்திட்டிருந்தால் மட்டும் அது தனிப் பொறுப்பு. வசூலுக்கு வருபவர் நீட்டும் புதிய ஒப்புதல் தாளில் அந்தத் துக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். வீட்டுக்கடனோடு காப்பீடு எடுத்திருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

7. வங்கி டெபாசிட்டுகள்

நாமினி இருந்தால் கோரிக்கைப் படிவம், இறப்புச் சான்று, நாமினியின் அடையாள ஆவணம் போதும். தொகை எவ்வளவு பெரிதானாலும் வாரிசுச் சான்று, ஜாமீன் எல்லாம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. கேட்டால் ‘எழுத்தில் கொடுங்கள்’ என்று மரியாதையாகச் சொல்லுங்கள். பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும்.

நாமினி இல்லாவிட்டால், 2025 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிப்படி ரூ.15 லட்சம் வரை (கூட்டுறவு வங்கியில் ரூ.5 லட்சம் வரை) எளிய நடைமுறை: வாரிசுச் சான்று, ஈட்டுறுதிப் பத்திரம் (பின்னால் வேறு யாராவது உரிமை கேட்டால் ஈடு செய்வதாக எழுதித் தருவது), பணம் வாங்காத வாரிசுகளின் ஆட்சேபணையின்மைக் கடிதம். எல்லாத் தாள்களும் கொடுத்த 15 நாளுக்குள் முடிக்க வேண்டும். வங்கியால் தாமதமானால் அதற்கு வட்டி உண்டு. அந்த 15 நாள் எண்ணத் தொடங்குவது ஒப்புகைத் தேதியிலிருந்துதான். தேதி முத்திரை இல்லாமல் தாளைக் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

பணம் நாமினி கைக்கு வந்துவிட்டால் அது நாமினிக்கே சொந்தம் என்று நினைப்பது தவறு. டெபாசிட்டிலும் பங்கிலும் நாமினி வாரிசுகளுக்காகப் பெற்று வைத்திருப்பவர்தான். பங்குகள் விஷயத்தில் இதை உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் மறுபடி சொல்லிவிட்டது. ஆயுள் காப்பீட்டில் மட்டும் 2015 திருத்தத்துக்குப் பிறகு பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் அவர்களுக்குத் தனி அந்தஸ்து உண்டு. அண்ணன் நாமினியாக இருந்து பணம் வாங்கினால், வாங்கிய அன்றே எல்லோருக்கும் கணக்கைக் காட்டிப் பகிர்ந்து, பகிர்ந்ததற்கு எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

எஃப்.டி.யை மரணத்தின் பேரில் முன்கூட்டியே மூடினால் அபராத வட்டிக் கழிவு இல்லை. ஆனால் பழைய நல்ல வட்டியில் போட்டது என்றால் முதிர்வு வரை விடுவது லாபம். எதைச் செய்தாலும் இறந்த தகவலை வங்கிக்குச் சீக்கிரம் கொடுங்கள். இல்லாவிட்டால் இறந்த பிறகு வரும் வட்டிக்கும் இறந்தவர் பான் எண்ணிலேயே டி.டி.எஸ். (வங்கியே முன்கூட்டிக் கழிக்கும் வரி) பிடிப்பார்கள், வரிக் கணக்கில் அதை அவிழ்ப்பது பெரும்பாடு.

சேமிப்புக் கணக்கை இந்த வரிசையில் கடைசியாக வையுங்கள். டிவிடெண்ட், ரீஃபண்ட், பாக்கிச் சம்பளம் எல்லாம் வந்து ஓய்ந்த பிறகு மூடலாம்.

8. பங்குகள், மியூச்சுவல் ஃபண்டுகள்

நாமினி அல்லது வாரிசு பெயரில் ஒரு டிமேட் கணக்கு (பங்குகளை மின்னணு வடிவில் வைக்கும் கணக்கு) முதலில் திறந்திருக்க வேண்டும். அப்புறம்தான் மாற்ற முடியும். ஃபண்டுகளுக்குக் கேம்ஸ், கேஃபின்டெக் என்ற இரண்டு பதிவாளர்களிடம் கொடுத்தால் கிட்டத்தட்ட எல்லா நிறுவனங்களும் அடங்கிவிடும்.

மாற்றும் முன் ஒரு வேலை: பழைய கணக்கிலிருந்து ஒவ்வொரு பங்கும் எந்தத் தேதியில் என்ன விலைக்கு வாங்கியது என்ற அறிக்கையை இறக்கி வையுங்கள். வாரிசு பின்னால் விற்கும்போது லாபத்தை இறந்தவர் வாங்கிய விலையிலிருந்தும் தேதியிலிருந்தும்தான் கணக்கிட வேண்டும். புதிய டிமேட்டில் அந்த விவரம் தானாக வராது. பழைய கணக்கு மூடிய பிறகு அதைத் தேடி எடுப்பது மிகவும் கடினம்.

9. வீடும் நிலமும்

மூலப் பத்திரங்களை எடுத்து வைத்துக்கொண்டு பதிவுத்துறை தளத்தில் 1975 முதல் வில்லங்கச் சான்று (அந்தச் சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்) போட்டுப் பாருங்கள். தீர்க்காத அடமானம் ஏதாவது இருந்தால் அதை முதலில் முடிக்க வேண்டும். பத்திரம் தொலைந்திருந்தால் சார்பதிவாளரிடம் சான்றிட்ட நகல் வாங்கலாம்.

அடுத்து வாரிசுச் சான்றை வைத்து எல்லா வாரிசுகள் பெயரிலும் கூட்டுப் பட்டா. இதை முதலில் செய்வதற்குக் காரணம், பாகம் பிரிப்பதற்கு வருடங்கள் ஆனாலும் ஆவணத்தில் இறந்தவர் பெயரே நிற்காது, நடுவில் யாரும் தனியாக எதுவும் செய்யவும் முடியாது. மூத்தவர் மட்டும் தன் பெயரில் பட்டா வாங்கிக்கொள்வதைப் பல ஊரில் பார்க்கிறேன். பட்டா வருவாய்த்துறை ஆவணம்தான், அதை வைத்து மற்றவர்களின் பங்கு மறைந்துவிடாது.

பிரிப்பதென்றால் இரண்டு வழி. ஆளாளுக்கு இடம் ஒதுக்குவது பாகப்பிரிவினைப் பத்திரம். ஒருவருக்கு மற்றவர்கள் விட்டுக்கொடுப்பது விடுதலைப் பத்திரம். குடும்பத்துக்குள் இவற்றுக்கு முத்திரைத்தீர்வையும் பதிவுக் கட்டணமும் உச்சவரம்போடு குறைவாக இருக்கும், விற்பனைப் பத்திரச் செலவோடு ஒப்பிட்டுப் பயப்பட வேண்டாம். யாருக்கு எது என்று வெற்றுத் தாளில் கூர்ச்சீட்டு எழுதி வைத்துக்கொண்டு பதிவு செய்யாமல் விடுவதுதான் அடுத்த தலைமுறைக்கு வழக்காகப் போய்ச் சேருகிறது. பத்திரம் பதிவான பிறகு உட்பிரிவுக்கு விண்ணப்பித்து, நில அளவர் வந்து கல் நட்டு, தனிப் பட்டா வாங்க வேண்டும்.

வாரிசுகளில் பதினெட்டு வயதாகாத பிள்ளை இருந்தால், அம்மா இயற்கைப் பாதுகாவலராக இருந்தாலும் பிள்ளையின் பங்கை விற்க நீதிமன்ற அனுமதி வேண்டும். அவசரத்துக்கு அனுமதி இல்லாமல் விற்றால், பிள்ளை வயதுக்கு வந்த பிறகு அந்த விற்பனையை ரத்து செய்யக் கேட்கலாம்.

சொத்து வரி, மின் இணைப்பு, குடிநீர் இணைப்பு பெயர் மாற்றம் எல்லாம் பட்டாவுக்குப் பிறகு.

10. வருமான வரி

வாரிசாகச் சொத்து வருவதற்கு இந்தியாவில் வரி இல்லை. இருந்த வரியும் 1985இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆனால் இறந்தவர் தாக்கல் செய்ய வேண்டிய கணக்கு நம் பொறுப்பு.

ஏப்ரல் 1 முதல் இறந்த நாள் வரை உள்ள வருமானம் இறந்தவரின் பான் எண்ணில். மறுநாளிலிருந்து வரும் வட்டி, வாடகை எல்லாம் வாரிசுகளின் கணக்கில், அவரவர் பங்குக்கு ஏற்ப. வருடம் முழுவதையும் ஒரே கணக்கில் போட்டுவிடுவதுதான் வழக்கமான தவறு. வங்கிச் சான்றில் வட்டி மொத்தமாக இருக்கும், தேதி வாரியாகப் பிரித்து வாங்குங்கள்.

இறந்தவரின் பாஸ்வேர்டில் நுழைந்து தாக்கல் செய்யாதீர்கள். உங்கள் சொந்த வரிக் கணக்கில் நுழைந்து, ‘இறந்தவரின் வாரிசு’ என்று பதிவு செய்துகொள்ள வேண்டும். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, இருவரின் பான் கார்டு தேவை. ஒப்புதல் வரச் சில நாட்கள் ஆகும் என்பதால் ஜூலை கடைசி வாரம் வரை காத்திருக்க வேண்டாம். டி.டி.எஸ். பிடித்திருந்தால் ரீஃபண்டும் இந்த வழியில்தான் வரும்.

வந்த சொத்தை விற்கும் அன்று வரி வரும். லாபம், அப்பா வாங்கிய விலையிலிருந்து கணக்கு. 2001 ஏப்ரல் 1க்கு முன் வாங்கியது என்றால் அந்தத் தேதியின் சந்தை மதிப்பை எடுத்துக்கொள்ளலாம், நிலம் கட்டடத்துக்கு அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டாமல். தாத்தா காலத்து வீட்டை விற்பவர்கள் ‘வாங்கிய விலை பூஜ்யம்’ என்று போட்டு மொத்தத்துக்கும் வரி கட்டியதைப் பார்த்திருக்கிறேன். பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் அறிக்கை ஒன்று வாங்கியிருந்தால் அந்தப் பணம் கையில் நின்றிருக்கும்.

11. கடைசியாக மூட வேண்டியவை

பட்டியலில் ஒவ்வொரு வரியிலும் ‘முடிந்தது’ என்று டிக் விழுந்த பிறகு: ரேஷன் கார்டிலும் வாக்காளர் பட்டியலிலும் பெயர் நீக்கம், கேஸ் இணைப்பு மாற்றம், சேமிப்புக் கணக்கு. கடைசி வரிக் கணக்கு பரிசீலனை முடிந்து ரீஃபண்டும் வந்துவிட்டது என்றால் பான் கார்டை வரி அதிகாரிக்குக் கடிதம் எழுதி ஒப்படைக்கலாம். முன்னதாகக் கொடுத்தால் பங்கு மாற்றமும் வரிக் கணக்கும் அந்தரத்தில் நிற்கும். இறந்த தகவலை மைஆதார் தளத்தில் குடும்பத்தினரே பதிவு செய்ய முடிகிறதா என்று பாருங்கள். இறந்தவரின் ஆதார் எண்ணை யாரும் தவறாகப் பயன்படுத்தாமலிருக்க இது உதவும்.

போன் எண் எல்லாவற்றுக்கும் பின்னால். சிம்மை எடுக்கும் முன் அதில் உள்ள தொடர்பு எண்களையும் போட்டோக்களையும், வாட்ஸ்அப்பில் உள்ள குரல் செய்திகளையும் வேறு போனுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அப்பா அம்மாவுக்கு அனுப்பிய ‘பால் வாங்கிட்டேன், வந்துட்டிருக்கேன்’ என்ற ஆறு விநாடிக் குரல் எங்களுக்கு அப்படித்தான் கிடைத்தது.